தூசி அடங்கும் வரை

மார்ச் 3, திங்கள்

தரை தேய்க்கும் வாடகை மெஷின் ஹாலில் வந்து இறங்கியாயிற்று. பழைய கம்பளத்தைக் கிழித்தபோது அடியில் மரத்தரை தெரிந்ததிலிருந்து என் வீட்டுக்காரருக்குத் தலைகால் புரியவில்லை. தேய்த்து வார்னிஷ் அடித்துப் புதுசாக்கிவிடுவாராம். ஆளை வைத்துச் செய்யலாமே என்றேன். ஆட்கள் தூசியைப் பற்றிக் கவலைப்பட மாட்டார்களாம். சேர்த்து வைத்திருந்த லீவையெல்லாம் இதற்கே போட்டிருக்கிறார்.

ஹாலில் இருந்த மாமாவின் கட்டில் இனி எங்கள் படுக்கையறையில். நடுவில் போர்வையைத் தொங்கவிட்டுத் திரை. என் வீட்டுக்காரர் சமையலறையில் பாய் போட்டுக்கொண்டார். கல்யாணமான நாளிலிருந்து நானும் மாமனாரும் பேசியதையெல்லாம் சேர்த்தாலும் ஒரு டீ ஆறும் நேரம் வராது. இப்போது ஒரே அறை! நல்ல கூத்து.

மார்ச் 4

படுக்கையறை வாசலில் மேலிருந்து கீழ்வரை பிளாஸ்டிக் ஷீட், நடுவில் ஜிப், ஓரமெல்லாம் டேப். அடியில் ஈரத்துண்டு. ஹால் ஜன்னலில் காற்றை வெளியே தள்ளும் ஃபேன். அது ஓடினால் ஷீட் ஹால் பக்கமாக உப்பி நிற்கும். அப்படி நின்றால் தூசி உங்கள் பக்கம் வராது என்று பொறுமையாக விளக்கினார். மாமாவுக்கு மூச்சிரைப்பு உண்டு. அதனால் குறை சொல்லவும் வழியில்லை.

காலையில் மெஷின் ஓடும் முன் ஒரு தடவை வெளியே போகலாம். சாயங்காலம் வாக்யூம் போட்ட பிறகு ஒரு தடவை. மற்ற நேரம் ஜிப்பைத் தொடக்கூடாது. குளியலறை உள்ளேயே இருப்பது நான் செய்த புண்ணியம்.

மார்ச் 7

மெஷின் சத்தத்தில் நினைப்பதுகூடக் கேட்கவில்லை. அது கொஞ்சம் நின்றபோது திரைக்கு அந்தப் பக்கத்திலிருந்து மாமா மெதுவாகக் கேட்டார்: "தூசி இன்ஸ்பெக்டர் இன்னிக்கு எப்போ திறந்து விடுவாராம்?" வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன். பெற்ற மகனுக்குப் பயந்து அவரும் ரகசியக் குரலில்தான் பேசுகிறார்.

மார்ச் 11

லேபிலிருந்து போன்! கல்யாணத்துக்கு முன் ரத்தப் பரிசோதனை செய்துகொண்டிருந்தேனே, அதே வேலை. 24ஆம் தேதி காலை எட்டு மணிக்கு வந்துவிட வேண்டும், வராவிட்டால் அடுத்த ஆளைக் கூப்பிடுவோம் என்றார் மேற்பார்வையாளர் அம்மா. எத்தனை இடத்தில் சொல்லி வைத்து, எத்தனை பேரிடம் பல்லைக் காட்டிக் கிடைத்தது.

சாயங்காலம் அவரிடம் சொன்னேன். மாஸ்க்கைக்கூடக் கழற்றவில்லை. "தரை முடியட்டும், பார்க்கலாம்."

தரைக்கும் என் வேலைக்கும் என்ன சம்பந்தம்?

மார்ச் 15

முதல் பூச்சு காய்ந்தது. என்னைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்க் காட்டினார். சின்னப் பையன் மாதிரி முகமெல்லாம் சிரிப்பு. நிஜமாகவே அழகு. நானும் ஒரு நிமிஷம் எல்லாவற்றையும் மறந்தேன்.

பிறகு டார்ச்சை அடித்துக்கொண்டு குனிந்தார். சோற்றில் கல் மாதிரி அங்கங்கே தூசித் துணுக்கு. ஜன்னலோரம் வார்னிஷுக்குள்ளேயே ஒரு நீள முடி. அதைப் பார்த்தார், என் தலையைப் பார்த்தார். வாய்விட்டுச் சொல்லியிருந்தால் பதிலாவது சொல்லியிருப்பேன்.

மார்ச் 16

மறுபடியும் மெஷின்.

மார்ச் 19

முடியல. நிஜமா முடியல. தலைக்குத் துணி கட்டிக்கோ, காலைத் துடைச்சுக்கோ, போர்வையை உதறாதே, வேகமா நடக்காதே. இருமினாக்கூட மாமா தலையணையில முகத்தைப் புதைச்சுக்கிறார். ஷீட்டுக்கு அந்தப் பக்கம் அவர் மங்கலா நடமாடுறது தெரியுது. எந்த நேரமும் யாரோ பார்த்துக்கிட்டே இருக்கிற மாதிரி. அடிக்கல, திட்டல, குடிக்கல. யாருகிட்ட போய் என்னன்னு சொல்றது? என் புருஷன் தரையைப் பளபளன்னு ஆக்குறார்னா?

மார்ச் 22, சனி

அவர் கணக்குப்படி எல்லாம் சரியாகத்தான் இருந்தது. இன்று காலையோடு வாக்யூம், ஈரத்துணி முடிந்தது. ஒரு நாள் முழுக்கத் தூசி அடங்க வேண்டும். நாளை காலை கடைசிப் பூச்சு. திங்களன்று நான் நடந்து போகலாம்.

மத்தியானம் மாமாவுக்கு இழுக்க ஆரம்பித்தது. இன்ஹேலர் தீர்ந்திருந்தது. புதியது சமையலறை அலமாரியில். என் வீட்டுக்காரர் பிரஷ் வாங்கக் கடைக்குப் போயிருந்தார். யோசிக்கவேயில்லை, ஜிப்பைத் திறந்து ஓடினேன்.

திரும்பி வந்ததும் கண்டுபிடித்துவிட்டார். அப்பாவுக்கு எப்படி இருக்கிறது என்று கேட்டார், அது உண்மை. அடுத்த வார்த்தை: தூசி கிளம்பிவிட்டது, இன்னும் ஒரு நாள் அடங்கணும், பூச்சு திங்கள் காலைதான்.

மார்ச் 23

லேபுக்குப் போன் செய்து ஒரு நாள் தள்ள முடியுமா என்று கெஞ்சினேன். முடியாது. ஆள் இல்லாமல்தானே கூப்பிட்டார்கள்.

அவரிடம் ஷீட் வழியாகவே பேசினேன். "ஏழு மணிக்கு நான் கிளம்பினதுக்கு அப்புறம் அடிங்க."

நீ நடந்தால் மறுபடி தூசி கிளம்பும் என்றார். நான் விடவில்லை. கடைசியில் "ம்" என்றார். சம்மதம்தான் என்று எடுத்துக்கொண்டேன். வேறு எப்படி எடுத்துக்கொள்வது?

மார்ச் 24, திங்கள்

லேபில் சாப்பாட்டு இடைவேளை.

விடியும்போது வார்னிஷ் வாசனைதான் என்னை எழுப்பியது. ஜிப்பைத் திறந்தேன். வாசல் கதவுவரை தரை முழுக்க ஈரம், தண்ணீர் தேங்கினது போல மினுமினுப்பு. ஒரு துணுக்குகூட இல்லை. சமையலறை வாசலில் பிரஷ்ஷோடு உட்கார்ந்திருந்தார்.

"அங்கேயே நில்லு. நாளைக்குப் போய்க்கலாம்."

குரலில் கோபமே இல்லை. அதுதான் என்னைக் கொதிக்க வைத்தது. பாவி மனுஷன், தெரிஞ்சேதான் பண்ணியிருக்கார்.

"எனக்கு எட்டு மணிக்கு வேலை" என்றேன். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு காலை வைத்தேன். குளிர்ச்சி. அடுத்த அடியில் உள்ளங்கால் ஒட்டிக்கொண்டு பிரிந்தது. நின்றால் நின்றுவிடுவேன் என்று பயம், திரும்பிப் பார்க்காமல் நடந்தேன். மாடிப்படியில் உட்கார்ந்து செய்தித்தாளால் கால் துடைத்தேன். காகிதமும் சேர்ந்து ஒட்டிக்கொண்டது. பையில் இருந்த சாக்ஸை அதன் மேலேயே மாட்டிக்கொண்டு பஸ் பிடித்தேன். எட்டு மணிக்குப் பதிவேட்டில் கையெழுத்து.

இப்போதுதான் மாமா போன் செய்தார். பின்னால் வண்டிச் சத்தம்.

"நானும் வெளியே வந்துட்டேம்மா. பார்க்ல உக்காந்திருக்கேன்."

எப்படி வந்தீர்கள் என்றேன்.

"தரையை மேற்கொண்டு கெடுக்க வேணாமேன்னு நீ கால் வச்ச இடத்துலயே கால் வச்சு வந்தேன். உன் எட்டு கொஞ்சம் பெருசும்மா. தடுமாறிட்டேன்."

சிரித்தேன். பிறகு ரத்த மாதிரிக் குப்பிகளை அடுக்கி வைத்திருந்த மேஜை ஓரமாக நின்று நன்றாக அழுதேன்.

மார்ச் 25

காலை. நேற்று ராத்திரி தரை காய்ந்த பிறகுதான் நானும் மாமாவும் உள்ளே வந்தோம். இன்று மாமாவே ஷீட்டைப் பிய்த்துச் சுருட்டி வைத்துவிட்டார். வாசல்வரை கால்தடங்கள் அப்படியே காய்ந்து கிடந்தன. என் வீட்டுக்காரர் மண்டியிட்டு அவற்றை விரலால் தடவிக்கொண்டிருந்தார். தரையைப் பார்த்தபடியே சொன்னார், "மறுபடி தேய்க்கணும்."

"தேய்ங்க. சாயங்காலம் வருவேன். ஈரமா இருந்தாலும் இதே வழியாத்தான் வருவேன்."

பையை மாட்டிக்கொண்டு அவர் முன்னால் போய் நின்றேன். தடத்திலிருந்து விரலை எடுத்தார். பிறகு எழுந்து, சுவரோரமாக ஒதுங்கிக்கொண்டார்.