கறுப்பு மை வேண்டாம், சோர்க்கா

சோர்க்கா,

காலையில் குளியலறைக் கதவைத் திறந்ததும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. செம்பட்டை முடிக்குக் கீழே கன்னங்கரேலென்று மை தீட்டிய புருவம். வெளுத்த முகத்தில் அப்பிய பவுடருக்கடியில் உன் செம்புள்ளிகளில் ஒன்றைக்கூடக் காணோம். "யாருடி நீ?" என்று கத்தியிருக்கக் கூடாது.

ஆனால் நீ திருப்பிக் கேட்டாயே! "இந்தப் புள்ளியெல்லாம் மறைஞ்சா நான் அழகுன்னு ஆறு வயசுல நீதானம்மா சொன்ன?"

சொன்னேன்தான். மன்னித்துவிடு.

அடுப்பில் ஆட்டுக்கறிக் குழம்பு இருக்கிறது. நான்கு மணிக்கு ப்ரீட் சித்தி உன் கவுனைக் கொண்டுவருவாள். பழுப்புப் புருவப் பென்சிலும் பீச் நிறக் கன்னச் சாயமும் மேசையில் இருக்கின்றன. பிடித்தால் மட்டும் போட்டுக்கொண்டு மாலை நடன விருந்துக்குப் போ.

நான் வேலைக்குப் போகும் கால்வே பஸ் வந்துவிடும்.

அம்மா

பி.கு.: இருபது வருடமாக நானும் என் புள்ளிகளை மறைத்துத்தான் வேலைக்குப் போகிறேன். இன்று அந்தப் பூச்சைக் கழுவிவிட்டேன். வாசலைத் தாண்டப் பயமாக இருக்கிறது.