அத்தை எழுந்து ஆடிய கச்சேரி

மாங்கரே, ஆக்லாந்து
12 மே 1991

அன்புத் தங்கை மெலியாமேவுக்கு, அக்கா கலோலைன் எழுதுவது. கர்த்தர் உன்னைக் காப்பாராக.

அன்று இங்கே உன் கச்சேரி மண்டபத்தில் இருந்த நம் டோங்கா ஆட்கள் ஐந்து பேர்: நான், என் வீட்டுக்காரர் சியாயோசி, அப்பாவின் அக்கா லூபே அத்தை, போதகர், அவர் மனைவி. வேறு யாரும் நம்மவர் இல்லை. அதனால் பழியை வேறு யார்மேலும் போட வழியில்லை.

உன் இரண்டாவது பாட்டு மேலே ஏறத் தொடங்கியதும் அத்தை என்னைக் கிள்ளினார்.

"பிள்ளை தனியா நின்னு பாடுது. நம்ம ஊர்ல மாதிரி பக்கத்துல போய் ஆட சொந்தக்காரங்க ஒருத்தருமில்லையா? நாமெல்லாம் என்ன மரக்கட்டையா?"

"அத்தை, இங்க ஆடக் கூடாது."

"எவன் சொன்னான்?"

"மாலியே! மாலியே!" என்று நம் ஊர்ச் சபாஷைக் கூவிக்கொண்டே இருக்கைகளுக்கு நடுவே மேடைப் பக்கம் ஆடிப் போய்விட்டார்.

"அவங்களைப் பிடிடி!" என்றார் வீட்டுக்காரர்.

"நீங்க பிடிங்களேன்! அப்பாவோட அக்காவை உக்காருன்னு சொல்ல எனக்கு ஏது வாய்?"

வாத்தியங்கள் ஒவ்வொன்றாக நின்றன. நீ முகத்தை மூடிக்கொண்டு உள்ளே போனாய். இரண்டு பேர் வந்து அத்தையின் கையைப் பிடித்து வெளியே கூட்டிப் போனார்கள். உனக்குக் கேட்கிற கைத்தட்டலில் நம்முடையதும் சேரட்டும் என்றுதான் அவர் எழுந்தார். கோபமா, தங்கச்சி?

உன் அக்கா,
கலோலைன்

சிட்னி
30 மே 1991

அன்புள்ள அக்கா,

கோபமில்லை. உன்னிடம் மட்டும் சொல்கிறேன். அந்த மேல் ஸ்வரம் எனக்குப் போன வருஷமே போய்விட்டது. குரல் நாணில் தழும்பு. இன்னும் நாலு அடி பாடியிருந்தால் மண்டபம் முழுக்க என் குரல் உடைவதைக் கேட்டிருக்கும். அதற்குள் அத்தை வந்துவிட்டார். 'உறவினரின் தொல்லையால் பாடகி நிறுத்தினார்' என்று பத்திரிகையில் போட்டார்கள். நான் மறுக்கவில்லை.

அடுத்த பருவத்துக்கு இசை நாடகத்தில் ஒரு பெரிய வேஷம் கையெழுத்தாகியிருக்கிறது. அதற்குள் அறுவை சிகிச்சை செய்துகொள்வேன். தெரிந்தால் இன்றே என்னை நீக்கிவிடுவார்கள். வேதத்தின் மேல் கை வைத்து, யாரிடமும் சொல்வதில்லை என்று சத்தியம் செய். அத்தையிடமும் கூடாது. அவருக்கு எதையும் ஒளிக்கத் தெரியாது.

அன்புடன்,
மெலியாமே

மாங்கரே
4 ஆகஸ்ட் 1991

அன்புத் தங்கைக்கு,

நீ கேட்டபடி அன்றே முழங்காலிட்டுச் சத்தியம் செய்தேன். செய்திருக்கக் கூடாது.

அத்தை பாடகர் குழுவை விட்டு விலகிவிட்டார். திருவிருந்து வந்தபோது அப்பத்தை வாங்கவில்லை. "பிள்ளையோட பிழைப்பை மிதிச்சுட்டு இந்தக் கையை நீட்டுவேனா?" என்றார். சர்க்கரை மாத்திரையையும் தொடுவதில்லை. சேப்ப இலையில் கறி பொதிந்து பாத்திரத்தில் கொண்டு போனேன், மூடியைக்கூடத் திறக்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து, தெரிந்ததை வாய்க்குள் வைத்துக்கொண்டு அவர் கால் புண்ணுக்குக் கட்டுப் போட்டேன்.

அவருக்கு நீயாவது இரண்டு வரி எழுதக் கூடாதா?

கலோலைன்

மாங்கரே
22 செப்டம்பர் 1991

மெலியாமே,

போன கடிதத்துக்குப் பதில் இல்லை. அறுவை சிகிச்சை பலிக்கவில்லை என்று உன் வீட்டுக்காரர் என் வீட்டுக்காரரிடம் தொலைபேசியில் சொல்லி அழுதாராம். உன் வேஷத்தை வேறொருத்திக்குக் கொடுத்த செய்தியையும் பார்த்தேன். உனக்காக அழுதேன். அந்தக் குரலை முதலில் கேட்டவள் நான்தானே.

ஆனால் இனி எதைக் காப்பாற்ற இந்த மௌனம்?

அத்தை ஆஸ்பத்திரியில் இருக்கிறார். காலை எடுத்துவிட்டார்கள். ரத்தத்தில் விஷம் ஏறிவிட்டது, இந்த வாரம் தாண்டுவது கஷ்டம் என்கிறார் மருத்துவர். நேற்று என்னைப் பார்த்து, "மெலியாமே எங்கயாவது பாடுறாளா?" என்று கேட்டார். போதகர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். நான் ஜபப் புத்தகத்தைப் புரட்டினேன். "அப்ப இல்லை" என்று அவரே சொல்லிக்கொண்டார்.

கர்த்தர் பெயரால் செய்த சத்தியத்தை நானாக உடைக்க மாட்டேன். நீதான் அவிழ்க்க வேண்டும். உன் வீட்டுத் தொலைபேசியை யாரும் எடுப்பதில்லை. அதனால் இதை விரைவுத் தபாலில் அனுப்புகிறேன்.

அத்தையிடம் சொல்லலாமா, கூடாதா? அது மட்டும் போதும். சீக்கிரம் பதில் அனுப்பு.

அக்கா,
கலோலைன்