தங்கத்தின் மேல் இரும்பு

மார்ச் 3, திங்கள்

பதினான்கு மாதம் காத்திருந்து இந்த எக்ஸ்-ரே ஆராய்ச்சி மையத்தில் ஐந்து நாள் கருவி நேரம் வாங்கினேன். அதில் ஒரு நாள் வாயுக் கசிவைத் தேடியே போய்விட்டது. இணைப்பு இணைப்பாகச் சோப்புத் தண்ணீர் தடவித் தடவி விரலெல்லாம் சுருங்கிக் கிடக்கிறது. கசிவு எங்கே? தெரியாது.

மனதை ஆற்றிக்கொள்ள எழுதுகிறேன். என் வினையூக்கி சுண்டுவிரல் நகத்தளவு. ஒரு வரிசை பிளாட்டினம், ஒரு வரிசை இரும்பு என்று அணுக்கள் ஒழுங்காக அடுக்கி நிற்கும். சூடாக்கிக் கார்பன் மோனாக்சைடை விட்டால் உள்ளிருக்கும் இரும்பு மேல்பரப்புக்கு ஏறி வரும். பன்னிரண்டு வருடம் முன்பு எங்கள் ஆய்வுக்கூடத் தலைவர் கண்டுபிடித்தது. அவர் பெயரே அதில்தான் நிற்கிறது. அவருக்கு நாங்கள் வைத்த பெயர் மேதை.

என் கையில் மட்டும் இரண்டு வருடமாக அந்தப் பாழாய்ப்போன இரும்பு ஏறவே மாட்டேன் என்கிறது. “உனக்குக் கை வரல” — மேதை வாயால் இதைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. இந்த முறையும் ஏறாவிட்டால் என் வேலை நீட்டிப்பில் கையெழுத்துப் போட மாட்டாராம். சொல்லியேதான் அனுப்பினார்.

மார்ச் 4

கசிவு கிடைத்தது. வாயு வடிகட்டியின் மூடியில்! வடிகட்டியையே கழற்றிப் போட்டுவிட்டுக் குழாயை நேராக மாட்டிவிட்டேன். இங்கே சிலிண்டர்களைப் பார்த்துக்கொள்கிறவரை எல்லோரும் கேஸ் அக்கா என்கிறார்கள். எட்டிப் பார்த்துவிட்டு, “வடிகட்டி இல்லாமலா விடப் போறீங்க?” என்றார்.

“இருக்கறதே இன்னும் மூணு நாள்தான்க்கா.”

தோளைக் குலுக்கிக்கொண்டு போய்விட்டார்.

மார்ச் 5

ஏறிவிட்டது!! திரையில் இரும்பின் கோடு மெல்ல மெல்ல எழும்பி, ஒரு மணி நேரத்தில் மலை மாதிரி நின்றது. மேதைக்குப் போன் செய்தேன். இரண்டு வருடத்தில் முதல் தடவையாக “ரொம்ப நல்லதும்மா” என்றார். என் வீட்டுக்காரர், “ஒருவழியா வந்துட்டாங்களா உன் விருந்தாளி?” என்று சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்தது. எவ்வளவு நாளாயிற்று.

மார்ச் 6

கருவியின் அளவு சரியா என்று பார்க்க, வினையூக்கிக்குப் பக்கத்திலேயே ஒரு தங்கத் தகடு வைத்திருப்போம். இன்று அதை அளந்தேன். அதன் மேலும் இரும்பு.

தங்கத்துக்குள் இரும்பே கிடையாதே. எங்கிருந்து ஏறும்?

வாயு வருவது எஃகு சிலிண்டரிலிருந்து. கார்பன் மோனாக்சைடு எஃகுக்குள் நாள்கணக்கில் கிடந்தால் இரும்பைக் கொஞ்சம் கொஞ்சமாக அரித்துத் தன்னோடு தூக்கிக்கொண்டு வரும். சூடான பரப்பு கிடைத்ததும் அதன் மேல் இறக்கிவிடும். உள்ளிருந்து எதுவும் ஏறவில்லை, வெளியிலிருந்துதான் வந்து படிந்திருக்கிறது. வடிகட்டி வைப்பதே அதைப் பிடிக்கத்தானே! எனக்குத் தெரியாதா? பரீட்சையில் எழுதி மார்க் வாங்கியவள்தானே நான்? சிலிண்டரில் ஒட்டியிருந்த தேதியைப் பார்த்தேன். நிரப்பி ஐந்து வருடம்.

சே.

மார்ச் 7

கேஸ் அக்கா எங்கிருந்தோ ஒரு வாஷர் கொண்டுவந்து வடிகட்டியை மாட்டிக் கொடுத்தார். “சொன்னேனே” என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் கூடத் தேவலை. புது வினையூக்கித் துண்டு, புதுத் தங்கத் தகடு. மதியம் நாலு மணிவரை விட்டுப் பார்த்தேன். இரும்பு ஏறவில்லை. இரண்டு வருடமாக எங்கள் கூடத்தில், வடிகட்டியோடு, என் கையில் வந்த அதே முடிவு.

அப்படியானால் என் கையில் கோளாறே இல்லை. சந்தோஷப்பட வேண்டாமா? ஆத்திரம்தான் வருகிறது. எத்தனை திட்டு, எத்தனை ஞாயிற்றுக்கிழமை!

மேதையிடம் சொன்னேன். கத்தினார். “கெடச்சத நீயே ஏன் மண்ணப் போட்டு மூடுற? தங்கத்தப் பத்தி யாரும் கேக்கப் போறதில்ல.”

“நான் கேட்டுட்டேனே சார்.”

போனை வைத்துவிட்டார்.

மார்ச் 10

மேதைக்கு அறிக்கை அனுப்பினேன். முதல் பக்கத்திலேயே தங்கத் தகட்டின் படம். வடிகட்டியைக் கழற்றியது நான்தான் என்பதையும் எழுதினேன். வீட்டுக்காரரிடம், “வேற வேலை தேட வேண்டியிருக்கும்” என்றேன். “தேடலாம், முதல்ல தூங்கு” என்றார்.

மார்ச் 19

பதில் இல்லை. ஆய்வுக்கூட நடையில் மேதை எதிரே வந்தார். சுவரைப் பார்த்தபடியே போனார். பெரிய மனுஷன் செய்கிற வேலையா இது?

மார்ச் 28

கூப்பிட்டனுப்பினார். இன்று விடுவதாக இல்லை என்று சண்டைக்குத் தயாராகத்தான் போனேன்.

மேஜை மேல் அட்டை கிழிந்த பழைய நோட்டு விரிந்து கிடந்தது. பன்னிரண்டு வருடம் முந்தைய அவருடைய கையெழுத்து. அவர் என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை.

“அப்ப எங்ககிட்ட வடிகட்டியே கெடையாது” என்றார். நோட்டை மூடிவிட்டு, “பக்கத்துல வேற எதையும் வெச்சு அளக்கணும்னு எனக்குத் தோணவே இல்லம்மா.”

அவர் என் நீட்டிப்புப் படிவத்தை நகர்த்தி வைத்தார். கையெழுத்து போட்டிருந்தது. செய்யவேண்டிய பணி என்ற இடத்தில், “பழைய முடிவைச் சரிபார்த்தல்” என்று எழுதியிருந்தார். பிறகு “பழைய” என்பதை அடித்து, மேலே “என்” என்று திருத்தியிருந்தார்.