பதினான்காம் எண் பாதை

பிரேக் பண்ணை, ஆஷ்கோம்
9 நவம்பர் 1952

மேவிஸுக்கு,

உறையில் என் கையெழுத்தைப் பார்த்துப் பயந்துவிடாதே. அம்மா நலமாக இருக்கிறாள். அவள் மாதாமாதம் எழுதுவதால் வீட்டுச் செய்தியெல்லாம் உனக்குத் தெரிந்திருக்கும். நான் எழுதி ஐந்து வருஷம் ஆகிறது. இப்போதும் ஒரு காரியமாகத்தான் எழுதுகிறேன்.

அரசாங்கம் ஒரு சட்டம் போட்டிருக்கிறது. நாட்டிலுள்ள நடைபாதைகளை எல்லாம் வரைபடத்தில் ஏற்ற வேண்டுமாம். ஊர் மன்றத்தார் நடந்து பார்த்து, எண் போட்டு, மாவட்ட மன்றத்துக்கு அனுப்ப வேண்டும். அங்கிருந்து அதற்கும் மேலே கவுண்டி மன்றத்துக்குப் போகும். நம் ஊர் மன்றத்துக்கு இன்னும் நான்தான் தலைவர். வேறு யாரும் அந்த நாற்காலிக்கு ஆசைப்படவில்லை. பள்ளி ஆசிரியர் லக் செயலாளர். மூன்று சனிக்கிழமைகள் நாங்கள் இருவரும் ரப்பர் பூட்ஸ் மாட்டிக்கொண்டு வயல் வயலாக ஏறி இறங்கினோம். பதின்மூன்று பாதைகள் முடிந்தன. பதினான்காவது, தேவாலயத்திலிருந்து நம் முற்றம் வழியாக மார்லி ஓடைக்கு இறங்குவது. அங்கே வந்ததும் லக் பேனாவை மூடிவிட்டார். "இத நீங்களே சொல்லிடுங்க, ஹெர்பர்ட்" என்றார்.

அந்தப் பாதையில் நம் முற்றத்து வாசல் கதவில் சங்கிலி போட்டிருப்பது உனக்குத் தெரியும். மாடுகளுக்காகப் போட்டது.

ஓடைக்கு அந்தப் பக்கம் நெதர்ஹோ, வேறு மாவட்டம். அவர்கள் தங்கள் பாதியை ஏற்கெனவே வரைபடத்தில் ஏற்றிவிட்டார்கள். பஸ் சாலையிலிருந்து வரும் அவர்களுடைய கோடு ஓடையின் நடுவில், எல்லையில் வந்து நின்றுவிடுகிறது. அதை நம்பி வருகிறவன் தண்ணீரில்தான் நிற்க வேண்டும். அது அவர்கள் பாடு.

ஆனால் நெதர்ஹோ நர்ஸ் டிரான்டர், இது இருபது வருஷத்துக்கு மேல் எல்லாரும் நடந்த வழி என்று எழுதிக் கொடுத்திருக்கிறாள். இருபது வருஷம் தடையில்லாமல் நடந்திருந்தால் அது பொதுவழி ஆகிவிடும். அனுமதி கேட்டு நடந்திருந்தால் ஆகாது. எல்லாரும் என்னிடம் கேட்டுத்தான் நடந்தார்கள் என்று, இந்தப் பண்ணையில் வளர்ந்தவள் என்ற முறையில் நீ எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பினால் போதும். ஜனவரிக் கூட்டத்துக்குள் வேண்டும்.

இங்கே மழை.

ஹெர்பர்ட் பிரீஸ்

ஹானோவர் அருகே
23 நவம்பர் 1952

அன்புள்ள அப்பா,

உங்கள் கடிதத்தை அரை மணி நேரம் பிரிக்காமல் மேஜைமேல் வைத்திருந்தேன். வெர்னர்தான், "பிரிச்சாத்தானே தெரியும்" என்றார். கீழே முழுப்பெயரும் போட்டிருந்தீர்கள். எனக்கு வேறு ஹெர்பர்ட் யாரையும் தெரியாது அப்பா.

நாங்கள் மூவரும் சுகம். நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். உங்கள் பேத்தி லோட்டேவுக்கு நான்கு வயது. தினமும் கோழிகளுக்கு இங்கிலீஷ் சொல்லிக் கொடுக்கிறாள்.

நீங்கள் கேட்டதை எழுதத்தான் உட்கார்ந்தேன். அனுமதி கேட்டவர்கள் யார் யார் என்று யோசித்துப் பார்த்தேன். தபால்காரர் கேட்டதில்லை. ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்துக்கு வந்த நெதர்ஹோ ஆட்கள் கேட்டதில்லை. மழை பிடித்தால் நம் வைக்கோல் கொட்டகையில் ஒதுங்கி, அம்மாவிடம் தேநீரும் வாங்கிக் குடித்துவிட்டுப் போவார்கள். நர்ஸ் டிரான்டர் சைக்கிளை உருட்டிக்கொண்டு வருவார், கதவைத் திறந்துபோட்டுவிட்டே போவார், நீங்கள் பின்னாலிருந்து திட்டுவீர்கள். நம் ஊரில் பள்ளிக்கூடம் வரும் முன், ஆறு வயதிலிருந்து நானும் அந்த வழியாகத்தான் ஓடையைத் தாண்டி நெதர்ஹோ பள்ளிக்கூடம் போனேன்.

அனுமதி கேட்டவர் ஒரே ஒருவர். சண்டை முடிந்த பிறகும் நெதர்ஹோ முகாமில் வைத்திருந்த ஜெர்மன் கைதி. நம் பண்ணைக்கு வேலைக்கு வந்தவர். காலையில் வாசலில் நின்று தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு, தப்பும் தவறுமான இங்கிலீஷில், "உள்ள வரலாமா ஐயா?" என்று கேட்பார். ஒன்றரை வருஷம், ஒரு நாள் தவறாமல். நீங்கள் "ம்" என்பீர்கள். அதற்கு மேல் ஒரு வார்த்தை கிடையாது. அவரைத்தான், வெர்னரைத்தான், நான் கல்யாணம் செய்துகொண்டேன்.

சங்கிலி மாடுகளுக்காக இல்லை அப்பா. நான் பெட்டியோடு கிளம்பிப் போன மறுநாள் நீங்கள் அதைப் பூட்டியதாக அம்மா அப்போதே எழுதினாள்.

உண்மையை ஒரு தனித்தாளில் எழுதி, கையெழுத்துப் போட்டு இதோடு வைத்திருக்கிறேன். லக்குக்கு அனுப்பவில்லை, உங்களுக்கே அனுப்புகிறேன். மன்றத்தில் கொடுப்பதும் அடுப்பில் போடுவதும் உங்கள் இஷ்டம். நான் கேட்க மாட்டேன். ஆனால் வேறு மாதிரி எழுத என்னால் முடியவில்லை.

கோபம் வரும் என்று தெரியும். வந்தாலும் ஒரு வரி எழுதுங்கள்.

உங்கள் மேவிஸ்

ஹானோவர் அருகே
11 ஜனவரி 1953

அன்புள்ள அப்பா,

ஏழு வாரம் ஆகிவிட்டது. அம்மாவின் கிறிஸ்துமஸ் வாழ்த்து வந்தது. "அப்பா சாப்பாட்டு மேஜையில்கூடப் பேசுவதில்லை, என்னவென்று தெரியவில்லை" என்று எழுதியிருந்தாள். எனக்குத் தெரியும்.

ஐந்து வருஷம் கழித்து நீங்கள் எழுதிய ஒரே கடிதத்துக்கு இப்படிப் பதில் எழுதிவிட்டேனே என்று பாத்திரம் கழுவும்போதெல்லாம் நினைப்பு வருகிறது. எழுதியதை மாற்றிக்கொள்ளத் தோன்றவில்லை. ஆனால் அதுவே நமக்குள் கடைசிக் கடிதமாக ஆகிவிடுமோ என்று பயமாக இருக்கிறது. இன்னும் முன்னாலேயே நானாக உங்களுக்கு எழுதியிருக்க வேண்டும். நீங்கள் படிக்க மாட்டீர்கள் என்று நினைத்து அம்மாவுக்கு மட்டுமே எழுதினேன். அது என் தப்பு.

மேவிஸ்

பிரேக் பண்ணை, ஆஷ்கோம்
25 ஜனவரி 1953

அன்பு மகளுக்கு,

தாமதத்துக்கு மன்னித்துக்கொள். உன் தாளை இத்தனை நாளும் கோட்டுப் பையில்தான் வைத்திருந்தேன். இரண்டு தடவை அடுப்புவரை கொண்டுபோனேன். அதையும் சொல்லிவிடுகிறேன்.

வியாழக்கிழமை கூட்டம். பள்ளிக்கூடத்தில் மன்றத்தார் ஏழு பேரும் பிள்ளைகளின் பெஞ்சில் முழங்காலை மடக்கி உட்கார்ந்திருந்தோம். லக் ஒன்றிலிருந்து பதின்மூன்றுவரை வாசித்தார். பதினான்கு என்றதும் எல்லாரும் கணப்பைப் பார்க்க ஆரம்பித்துவிட்டார்கள். அத்தனை பேரும் அந்த வழியில் நடந்தவர்கள். என் முகத்துக்காக வாயைத் திறக்காமல் இருந்தார்கள். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது மேவிஸ். கோபக்காரன் என்று பெயர் வாங்கியிருக்கிறேன், தெரியும். பொய்க்காரன் என்று தெரிந்தும் என் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார்களே என்று அன்றுதான் உறைத்தது.

கண்ணாடியை மாட்டிக்கொண்டு உன் தாளை முழுக்க வாசித்தேன், கைதி சமாச்சாரம் உட்பட. நான் "ம்" சொன்ன இடம் வந்ததும் கிழவர் குவில்ட் சிரித்துவிட்டார். பிறகு எல்லாரும் சிரித்தார்கள். நானும்தான்.

படிவத்தில் தடைக்குக் காரணம் என்று ஒரு கட்டம் உண்டு. "சங்கிலி எதுக்குன்னு எழுதட்டும்?" என்று லக் கேட்டார்.

நான் சொன்னேன்: "எம் பொண்ணு அந்த வழியாத்தான் போனா. அதுக்கப்புறம் அந்த வழியா யாரு வந்தாலும் எனக்குப் பாக்கப் பிடிக்கல."

லக் குனிந்து, 'சங்கிலி. அகற்றப்படும்' என்று மட்டும் எழுதினார். நல்ல மனுஷன்.

உன் தாளில் ஒரு தவறு இருந்தது. ஆறு வயது என்று எழுதியிருந்தாய். ஐந்து. முதல் வாரம் முழுக்கப் பலகைப் பாலத்தில் உன்னைத் தூக்கிக்கொண்டு போனது நான்தான். ஓரத்தில் அதைத் திருத்திக் கையெழுத்துப் போட்டுத்தான் கொடுத்தேன். இனி மாவட்டத்துக்கும் கவுண்டிக்கும் அப்படியே போகும். நம் கோடு அவர்கள் கோட்டோடு ஓடையில் சேர்ந்துவிடும்.

வெள்ளிக்கிழமை காலை சங்கிலியை அறுத்தேன். துருப்பிடித்து இறுகிக் கிடந்தது, பத்து நிமிஷம் ஆயிற்று. அம்மா கைவேலையை விட்டுவிட்டுச் சமையலறை ஜன்னலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அன்று மதியம் இரண்டு தட்டு சாப்பிட்டேன். ஐந்து வருஷமாக ஊரில் யாரைப் பார்த்தாலும், இவன் அந்த வாசலைப் பற்றிப் பேசுவானோ என்று ஒதுங்கிப் போய்க்கொண்டிருந்தேன். இப்போது அந்தத் தொல்லை இல்லை. நேற்று நர்ஸ் வந்தாள். நன்றி கின்றி ஒன்றும் சொல்லவில்லை. முற்றத்தில் சேறு அதிகம் என்று குறை சொல்லிவிட்டுப் போனாள்.

ஆடுகள் குட்டி போட்டு முடிய ஏப்ரல் ஆகிவிடும். மே மாதம் வாருங்கள், மூன்று பேரும். மூன்று பேரும் என்றால் போதாது, வெர்னர் பெயரைத் தனியாக எழுதச் சொல்கிறாள் அம்மா. எழுதிவிட்டேன்.

உன் அப்பா

ஹானோவர் அருகே
8 பிப்ரவரி 1953

அன்புள்ள அப்பா,

உங்கள் கடிதத்தை வெர்னருக்கு உரக்க வாசித்தேன். பள்ளிக்கூட பெஞ்ச் வரும்வரை ஒழுங்காக வாசித்தேன். அதற்குப் பிறகு முடியவில்லை, அவரே வாங்கி மெதுவாகப் படித்தார். லோட்டே என் மடியில் ஏறி, "அம்மா ஏன் அழுறாங்க?" என்று அவரைக் கேட்டாள். "அது அழுகை இல்ல, உங்க தாத்தா லெட்டர் போட்டிருக்கார்" என்றார்.

படித்து முடித்ததும் எழுந்து கொட்டகைக்குப் போனார். விறகு பிளக்கும் சத்தம் வெகுநேரம் கேட்டது. எங்களுக்கு அன்று விறகு தேவையே இல்லை. திரும்பி வந்து, கையைத் துடைத்துக்கொண்டு என் எதிரில் உட்கார்ந்தார்.

"மே மாசம் போறப்போ, உங்க அப்பாவுக்கு என்ன வாங்கிட்டுப் போகலாம்?" என்றார்.

உங்களையே கேட்டுவிடுவதாகச் சொன்னேன். நீங்களே எழுதுங்கள் அப்பா.

உங்கள் மேவிஸ்