பதினாலாம் தேதி பேசிய நாலு நிமிஷம்

மார்ச் 14

பாப்பாவுக்கு ஜுரம், நூற்றிரண்டு. லீவு கேட்க வாய் வரவில்லை. வேலை நிரந்தரமாவதற்கு இன்னும் மூன்று மாதம். அத்தை மடியில் போட்டுவிட்டு ஓடினேன்.

மதியம் கையுறைக்காரர் போன்; கையுறை தைத்து ஏற்றுமதி செய்கிறவர். அனுப்பிய சரக்குக்கு வெளிநாட்டுக்காரன் பணம் தராவிட்டால் அரசாங்கம் ஈடுகட்டும். அதற்குத்தான் எங்கள் ஆபீஸ். பாக்கி விழுந்தால் அந்த மாதம் பதினைந்தாம் தேதிக்குள் படிவம் தர வேண்டும். அவருக்கு விழுந்திருக்கிறது. "பழைய கஸ்டமர்மா, எழுதிக் குடுத்தா கோச்சுக்குவான். ஒரு மாசம் பாக்கட்டுமா?"

"அடுத்த மாசம் சேத்துக் குடுங்க சார். குழந்தைக்கு ஜுரம், நான் கிளம்பணும்."

ஈரத்துணி போடச் சொல்லிவிட்டுத்தான் போனை வைத்தார். நான் சொன்னது சரிதானே? ஆபீசில் எல்லோரும் அப்படித்தான் சொல்கிறார்கள்.

மார்ச் 17

ஜுரம் விட்டது.

மார்ச் 29

அமைச்சகத்திலிருந்து சுற்றறிக்கை. கையுறைக்காரர் சரக்கு அனுப்பும் நாடு நம் எஃகுக்கு வரி போட்டதாம். பதிலுக்கு, அங்கே போகும் சரக்குக்கு இனி ஈடு கிடையாது. மார்ச் பதினைந்துக்குள் படிவம் வந்த பாக்கி மட்டும் செல்லும். ஒரு பெரிய கம்பெனியின் டர்பைனுக்கு மட்டும் விலக்கு - தேசிய நலன்.

"கையுறைக்கு ஏதும்மா தேசிய நலன்? அது வெறும் கை நலன்," என்றார் மேனேஜர். எல்லோரோடும் சேர்ந்து சிரித்தேன். பிறகு பாத்ரூமில் வாந்தி. "மறுபடியும் விசேஷமா?" என்று பக்கத்து சீட்டு அக்கா கேட்டாள்.

ஏப்ரல் 11

இந்த மாதம் படிவம் தந்த கையுறைக்காரருக்கு மறுப்புக் கடிதம். நானேதான் அடித்தேன். 'தங்களது கவனக்குறைவால்' - இந்த வார்த்தை மாதிரிக் கடிதத்தில் இல்லை. நான் சேர்த்தேன். ஏன் சேர்த்தேன்?

மே 6

மேல்முறையீட்டு விசாரணை. நீள மேசைக்குப் பின்னால் மூன்று அதிகாரிகள். மேனேஜர் பக்கத்தில் நான், மடியில் ஃபைல். கையுறைக்காரர் போன் பில்லை எடுத்து வைத்தார்.

"பதினாலாந்தேதி நாலு நிமிஷம் பேசியிருக்கேன் சார். இந்தம்மாதான் அடுத்த மாசம் குடுக்கலாம்னாங்க."

மேனேஜர் என்னைப் பார்த்தார்.

"படிவ நம்பர் கேட்டார் சார்," என்றேன்.

"நாலு நிமிஷமா?" என்றார் நடுவிலிருந்த அதிகாரி.

"திரும்பத் திரும்பக் கேட்டார்."

கையுறைக்காரர் கத்தியிருக்கலாம். கத்தவில்லை. "யோசிச்சுப் பாருங்கம்மா. குழந்தைக்கு ஜுரம்னீங்களே. ஈரத்துணி போடச் சொன்னேனே."

"என் குழந்தைக்கு ஜுரமே வரலை சார்."

சொல்லிவிட்டேன். குரல்கூட நடுங்கவில்லை. வீட்டுக்கு வந்ததிலிருந்து பாப்பா நெற்றியைத் தொட்டுத் தொட்டுப் பார்க்கிறேன். ஐயோ, குழந்தையை வெச்சுப் பொய் சொல்லிட்டேனே, ஏதாவது ஆயிடுமோ - ஒண்ணும் ஆகாது. தூங்குடி.

மே 9

தள்ளுபடி.

மே 27

கையுறைக் கம்பெனியைப் பூட்டிவிட்டார்களாம். அறுபது பேர் தைத்த இடம். பக்கத்து சீட்டு அக்காதான் சொன்னாள். "பாவம்" என்றேன். டர்பைன் போன வாரமே கப்பலேறிவிட்டது.

ஜூன் 20

வேலை நிரந்தரம். "உன்னை மாதிரி ஆளுங்கதாம்மா ஆபீசுக்கு வேணும்," என்றார் மேனேஜர். அவருக்கு விசாரணை அன்றைக்கே தெரிந்திருக்கிறது.

புதிதாக வந்த பெண்ணுக்கு வேலை பழக்கும் பொறுப்பு இனி எனக்கு. "போன்ல சந்தேகம் கேட்டா என்னக்கா சொல்றது?" என்றாள்.

"எதுவும் சொல்லாதே. வாய் தவறிச் சொல்லிட்டா, சொல்லலைன்னு சொல்லு."

தலையாட்டிக்கொண்டே நோட்டைத் திறந்தாள்.

"இதை எழுதாதே," என்றேன்.