பெருவிரல் மறைக்கிற பூ

அன்றைக்கு அச்சாபீசில் இருந்தவர்கள்: முதலாளி வேலாயுதன் பிள்ளை. அவர் பெண்டாட்டியின் தம்பி சுகுமாரன். டிரெடில் மிஷின் மிதிக்கிற ஞானமுத்து. பைண்டிங் லில்லிபாய். எழுத்துக் கோர்க்கிற நீ. அச்சடித்து முடிந்ததும் கோர்த்ததைப் பிரித்து, அதனதன் அறையில் திரும்பப் போடுகிற நான், தங்கம். பிறகு, திருவனந்தபுரத்தில் பெரிய அச்சாபீஸ் வைத்திருந்த ஒரு வெள்ளை வேட்டிக்காரர். அவர் பேரை எனக்கு யாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் மறந்திருக்க மாட்டேன்.

அக்கா, மூன்றாம் கிளாசோடு பள்ளிக்கூடம் விட்டவள் நான். நீ ஈயத்தில் தொட்டுக் காட்டித் தந்த எழுத்துதான் எனக்கு எழுத்து. வரி கோணினால் பொறுத்துக்கொள்.

போன மாசம் கொல்லயில் ஊரில் இருந்து ஒரு கல்யாணக் கார்டு வந்தது. ஒரு பக்கம் மலையாளம். களியக்காவிளை எல்லைக்கு அந்தப் பக்கத்துச் சொந்தக்காரர்களுக்காக மறுபக்கம் தமிழ். கண்ணாடி போடாமல்தான் வாங்கினேன். பிடித்ததுமே என் பெருவிரல் தானாக நகர்ந்து கொடுத்தது. வலது பக்கம், கீழ் மூலை. அங்கே அந்தப் பூ இருந்தது. ஐந்து இதழில் ஒன்று உடைந்த பூ.

அதை உடைத்தது நானாக்கும். உனக்கு ஓர்மை இருக்கும். செங்கல் ஊரில் ஒரு பெரிய வீட்டுக் கல்யாணத்துக்காக நீ மூன்று நாள் குனிந்த தலை நிமிராமல், ஈயத்தில் பூவும் வளைவும் கோடுமாக ஒவ்வொன்றாகப் பொறுக்கி ஒரு பார்டர் கட்டினாய். மூன்றாம் நாள் மத்தியானம் பூத்தட்டோடு நான் தடுக்கி விழுந்தேன். சுகுமாரன் ஸ்டூலில் இருந்து பழம் தின்றுகொண்டிருந்தான். மூன்று நாளும் அவனுக்கு அதுதான் ஜோலி. அவனே குனிந்து பூக்களைப் பொறுக்கித் தந்தான். உடைந்ததை மட்டும் வெளிச்சத்துக்கு நேரே பிடித்து, "ஏட்டி தங்கம், இது நொண்டிப் பூவாச்சே" என்று சிரித்தான். வேறு பூ மிச்சம் இல்லை. நான் அழுதேன். நீ அதை அவன் கையிலிருந்து வாங்கி இரண்டு தடவை திருப்பிப் பார்த்தாய்.

"கரையாத மக்கா. கார்டப் பிடிக்கம்ப பெருவிரல் வாற இடத்தில வச்சுப்போடலாம். ஒருத்தரும் காணமாட்டாவ."

ஒருத்தரும் காணவில்லை. அந்தக் கார்டு ஊர் ஊராகப் போயிற்று. பாறசாலையில் கல்யாணம் வைத்தவர்கள் எல்லாம் அந்தப் பூ பார்டர்தான் வேண்டும் என்று வந்து நின்றார்கள்.

இத்தனை வருஷம் கழித்து அது கொல்லயில் கார்டில் எப்படி வந்தது என்று கேட்பாய். என் பேத்தி அபிஷா வழியாக வந்தது. அவள் கம்ப்யூட்டரில் டிசைன் செய்கிறவள். நீ கையால் செய்ததை அவள் கண்ணாலும் ஒரு விரலாலும் செய்வாள். திருவனந்தபுரத்தில் ஒரு ஆபீசில் இருந்தாள். படம் வரைய மிஷினே போதும் என்று சொல்லி அங்கே எட்டுப் பேரை ஒரே நாளில் அனுப்பிவிட்டார்கள். அதில் ஒருத்தி இவள். இரண்டு வருஷமாக வேலை தேடுகிறாள். போனில்தான் இன்டர்வியூ. மேலே இஸ்திரி போட்ட சட்டை, கீழே பழைய நைட்டி. முதலில் அதைக் கண்டு இரண்டு பேரும் சிரித்தோம். பிறகு சிரிக்கவில்லை. எல்லாரும் ஒரு டெஸ்ட் வேலை கேட்பார்கள். ஒருத்தருக்குப் புட்டுப்பொடி கவர், ஒருத்தருக்குப் பல் ஆஸ்பத்திரி போர்டு. இவள் செய்து அனுப்புவாள். நன்றாக இருக்கிறது, அறிவிக்கிறோம் என்பார்கள். அதோடு சரி. இந்த வருஷம் ஓணத்துக்குப் பிறகு அவள் தலை சீவுவதையே விட்டுவிட்டாள்.

நெய்யாற்றின்கரையில் ஒரு கடை, கல்யாணக் கார்டு ஒன்று டெஸ்டுக்குக் கேட்டது. என் பெட்டியில் செங்கல் வீட்டுக் கார்டு ஒன்று இருந்தது. அதைக் காட்டினேன். அவள் அதைப் பார்த்துப் பார்த்து, உன் பார்டரைத் திரும்ப வரைந்து, நிறமும் புதுப் பூக்களும் சேர்த்து வேறொன்றாக ஆக்கினாள். "இந்த உடைஞ்ச இதழ சரியாக்கட்டா அம்மச்சி?" என்று கேட்டாள். வேண்டாம், அது இருக்கட்டும் என்றேன். அனுப்பினாள். நாலு மாசம் பதில் இல்லை. பிறகு அந்தக் கார்டு கல்யாணத்துக்கு அழைக்க என் வீட்டுக்கே வந்தது.

மறுநாளே அந்தக் கடையில் இருந்து அவளை நேரில் வரச் சொல்லிப் போன் வந்தது. அவள் கார்டைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். கார்டு காரியம் பேசக் கூடாது என்று என்னிடம் சொல்லி வைத்தாள். எனக்கு ஆஸ்பத்திரி போகணும் என்று அதே பஸ்சில் நானும் ஏறினேன். என்னிடம் இருக்கிற அந்த உடைந்த ஈயப் பூவைச் சேலை முந்தியில் முடிந்திருந்தேன்.

மேனேஜர் சின்னப் பையன். நான் கார்டையும் பூவையும் அவன் மேசையில் வைத்து, இது என் பேத்தி செய்தது என்றேன். அவன் பூவை எடுத்துப் பார்த்தான்.

"இதெந்தா அம்மச்சி, பல்லா?"

கார்டில் உடைந்த பூவையும் ஈயத்தில் உடைந்த பூவையும் காட்டினேன். டெஸ்ட் வேலை நூறு வரும், எது எங்கே போயிற்று என்று தனக்குத் தெரியாது என்றான். பொய் என்று எனக்குப் படவில்லை. பிறகு அபிஷாவிடம் திரும்பி, ஒரு கண் போனில் இருக்க, பயப்படாமல் உள்ளதைச் சொல்லு, நீ செய்ததா என்று கேட்டான்.

அவள் நாற்காலிக் கையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "இல்ல சார். நெட்டில உள்ள பழைய டிசைனாக்கும் அது. அம்மச்சிக்கு வயசாயில்லியா."

அக்கா, அந்தக் குரல் உன்னுடையது.

திருவனந்தபுரத்துக்காரர் அன்றைக்கு வந்தது, அந்தப் பூ பார்டர் செய்த கையைத் தன் அச்சாபீசுக்குக் கூட்டிக்கொண்டு போக. நான்தான் செய்தேன் என்று சுகுமாரன் முன்னால் வந்தான். ஞானமுத்து மிஷினைத் துடைத்தான். லில்லிபாய் நூலை எடுத்துக் கோர்த்தாள். நான்தான் வாயைத் திறந்தேன். அக்காதான் செய்தது, நான் கூட இருந்து கண்டேன் என்றேன். முதலாளி உன்னைப் பார்த்தார். சுகுமாரனும் பார்த்தான். எவ்வளவு மெதுவாகச் சொன்னான் தெரியுமா?

"பயப்படாம உள்ளதச் சொல்லு."

நீ கையில் இருந்த, எழுத்துக் கோர்க்கிற ஸ்டிக்கைப் பார்த்துக்கொண்டு சொன்னாய். "சுகுமாரன் சார் சொன்னபடி அடுக்கினேன் முதலாளி. வேற ஒண்ணும் இல்ல."

அவன் திருவனந்தபுரம் போனான். பொய் சொன்னதற்காக என்னை அன்றைக்கே அனுப்பினார்கள். உன் வீட்டுக்காரர் படுக்கையில் கிடந்ததும், உன் குடிசை முதலாளியின் பறம்பு நிலத்தில் நின்றதும் எனக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் நான் அதை நினைக்கவில்லை. என்னைப் பொய்க்காரி ஆக்கினாய் என்று மட்டும்தான் நினைத்தேன். பிறகு நீ எழுத்துக் கோர்க்கிற சத்தம் கேட்காமல் இருக்க அச்சாபீஸ் வழியே போவதைக்கூட விட்டேன்.

அச்சாபீஸ் ஈயத்தை எல்லாம் பழைய இரும்புக்காரனுக்குத் தூக்கிக் கொடுத்த வருஷம் நீ என் வீட்டுக்கு வந்தாய். கேட்டுக்கு வெளியே நின்றாய். நான் விளக்குமாற்றால் முற்றம் தூத்துக்கொண்டிருந்தேன், கண்டும் நிறுத்தவில்லை. வா என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. நீ ஒரு காகிதப் பொதியை மதில் மேல் வைத்துவிட்டு, "இது உனக்குள்ளதாக்கும் மக்கா" என்று சொல்லிப் போனாய். நீ போய் வெகுநேரம் கழித்துப் பிரித்தேன். நொண்டிப் பூ. அதற்குப் பிறகு உன்னை நான் பார்க்கவில்லை. நீ செத்ததற்கும் வரவில்லை, பதினாறுக்கும் வரவில்லை. உடம்புக்கு முடியவில்லை என்று ஆளிடம் சொல்லி அனுப்பினேன். அதுதான் நான் சொன்ன பொய்.

அபிஷாவுக்கு வேலை கிடைத்துவிட்டது. படத்தை எல்லாம் அங்கேயும் மிஷின்தான் வரைகிறதாம். கல்யாணப் பெண்ணுக்கு அது சில நேரம் ஆறு விரல் வரைந்துவிடுமாம். இவள் இருந்து விரலை எண்ணித் திருத்த வேண்டும். ஐந்து வருஷம் படித்தது விரல் எண்ண. அந்தக் கடையில் இருந்து பஸ்சில் திரும்பினோம். பாறசாலையில் இறங்கி நடந்தோம். நான் உள்ளே போய்த் திரும்பிப் பார்த்தால் அவள் கேட்டுக்கு வெளியே நிற்கிறாள். நீ நின்ற அதே இடம்.

"வா" என்றேன்.

அவ்வளவுதான் அக்கா, ஒரே எழுத்து. அவள் உள்ளே வந்து என் தோளில் தலையை வைத்தாள். விடியும்போது விரல் எண்ணப் போனாள். இன்றைக்கும் போயிருக்கிறாள். பூவைத் திரும்ப முந்தியில் முடிந்து வைத்திருக்கிறேன். நடக்கும்போது இடுப்பில் குத்தும்.

உன்மேல் உள்ள கோபத்தை நான் விட்டுவிட்டேன். நேரத்துக்கு விடவில்லை, அதை நீ மன்னித்தாயா என்று கேட்க வழியும் இல்லை. முதலாளிக்கு உள்ளது தெரியாது, அவரை விட்டாயிற்று. ஞானமுத்துவுக்கும் லில்லிபாய்க்கும் வீட்டில் பிள்ளைகள் உண்டு, விட்டேன். அந்த மேனேஜர் பையனுக்கு ஒன்றும் தெரியாது, தெரிந்துகொள்ளவும் அவனுக்கு நேரம் இல்லை. ஆனால் பூ உடைந்ததைக் கண்ணால் கண்டவன் ஒருத்தன் உண்டு. தரையில் இருந்து தன் கையால் பொறுக்கி உன் கையில் தந்தவன். எல்லாம் தெரிந்துகொண்டே உன் முகத்தைப் பார்த்துப் பயப்படாதே என்று சொன்னவன். அவனும் செத்து வருஷம் பலது ஆயிற்று. செத்தால் என்ன. விடமாட்டேன்.

சுகுமாரன்.