மூன்றாவதும் ஆறாவதும்

05.03.2012, திங்கள்

இன்று கடைக்கு மூன்று கணினிகள் வந்தன. மூன்றுக்கும் ஒரே வருத்தம், போட்டால் திரை கறுப்பு. உப்புக்காற்றில் மெமரித் தகட்டின் பற்கள் கறுத்துவிடுகின்றன. கழற்றி, அழிறப்பரால் தேய்த்துத் திரும்பச் செருகினால் எழும்பிவிடும். கொண்டுவந்தவர்கள் நான் ஏதோ சத்திரசிகிச்சை செய்ததாக நினைத்து நன்றி சொல்கிறார்கள். நானும் மறுப்பதில்லை.

கடைக்காரர் யசோதரன் அண்ணை தோட்டவெளிப் பக்கம் ஒரு பெரிய வேலை எடுத்திருக்கிறார். மீள்குடியேறியவர்களுக்காக ஒரு தொண்டு நிறுவனம் கட்டிய கணினி அறை. பதினொரு கணினி, பன்னிரண்டு வயர். 22ஆம் திகதி திறப்பு விழா. எனக்கும் இர்ஷானாவுக்கும் பயிற்சிக் காலம் முடியப்போகிறது. விழா ஒழுங்காக நடந்தால் இருவரையும் நிரந்தரமாக்குவாராம்.

இர்ஷானா பிறந்தது புத்தளம் அகதி முகாமில். போன வருடம்தான் வாப்பாவின் பழைய ஊரான தாராபுரத்துக்கு வந்தாள். அவளுடைய வாப்பாவுக்கு இங்கே மனம் ஒட்டவில்லை. இந்த வேலை நிலைத்தால்தான் இருப்பு, இல்லாவிட்டால் புத்தளத்துக்கே திரும்புவது என்று சொல்லிவிட்டார். அவளுக்குத் திரும்ப விருப்பமில்லை.

08.03, வியாழன்

பன்னிரண்டு வயருக்கும் இரண்டு பக்கமும் நான்தான் கிளிப் போட்டு முனை அடிக்க வேண்டும். இந்தக் கொப்பியிலாவது உண்மையை எழுதிவைக்கலாம்.

வயருக்குள் எட்டு மெல்லிய கம்பிகள். இரண்டிரண்டாக முறுக்கி நான்கு சோடி: செம்மஞ்சள், பச்சை, நீலம், மண்ணிறம். முனையில் போடும் கிளிப்புக்குள் அவை ஒரு வரிசையில் நிற்க வேண்டும். மூன்றாவது இடத்திலும் ஆறாவது இடத்திலும் பச்சைச் சோடி. பரீட்சையில் இதையெல்லாம் பிழையில்லாமல் எழுதி முழுப் புள்ளி எடுத்தவன் நான். ஆனால் பச்சையும் மண்ணிறமும் என் கண்ணுக்கு ஒன்றுதான்.

சமாளிக்க ஒரு வழி வைத்திருக்கிறேன். நான்கு சோடியையும் ஒரே அளவில் முறுக்குவதில்லை. நகத்தால் தடவினால் தெரியும். எங்கள் கடை உருளையில் நெருக்கமாக முறுக்கியது பச்சை, தளர்ந்தது மண்ணிறம். யாரோ நிறத்தின் பெயர் சொல்லும்போது காதில் வாங்கி மனதில் வைத்துக்கொண்டேன். ஒரு வருடமாக ஒருவரும் கண்டுபிடிக்கவில்லை.

2010இல் எங்கள் ஊரான அடம்பனுக்குத் திரும்பிய புதிதில் கண்ணிவெடி அகற்றுபவர்கள் வரம்போரம் கட்டைகள் நட்டிருந்தார்கள். ஆபத்துப் பக்கத்துக்குச் சிவப்பு பூசிய கட்டை. நான் புல்லுக்குள் அவற்றைக் கடந்து நாலடி போய்விட்டேன். அம்மா கத்தி மறித்து, வந்த வழியே காலடி பார்த்துத் திரும்ப வைத்து, அதன் பிறகு அறைந்தார். "உனக்கென்ன கண் பொட்டையோ?" என்றார். கவனமில்லாதவன் என்று இன்றைக்கும் சொல்லிக் காட்டுகிறார். புல்லுக்குள் சிவப்பு என் கண்ணுக்குத் தனியாகத் தெரிவதில்லை என்று அப்போது எனக்கே தெரியாது.

14.03, புதன்

தோட்டவெளியில் மூன்றாம் நாள். நிறுவனக்காரர் தாங்களே வயர் உருளை தந்திருக்கிறார்கள். வேறு கம்பனி. முறுக்கு நன்றாகக் கைக்குப் படுகிறது. பதினாறு முனை முடிந்தது.

இர்ஷானா கணினிகளுக்கு இலக்கம் கொடுக்கிறாள். ஒரே இலக்கம் இரண்டு கணினிக்கு விழுந்தால் இரண்டும் முரண்டு பிடிக்கும். தங்கள் காணியிலும் அதே பிரச்சினைதான், ஒரு இலக்கம் இரண்டு குடும்பம் என்றாள். சிரித்தாள். நானும் சிரித்தேன்.

16.03, வெள்ளி

இருபத்துநான்கு முனையும் முடிந்தது. எல்லாக் கணினியும் ஒன்றோடொன்று பேசுகின்றன. அண்ணை என் முதுகில் தட்டினார்.

22.03, வியாழன்

விழா பத்து மணிக்கு. எட்டரைக்குப் போனபோது, யாரோ அலுமாரியை நகர்த்தியதில் முதன்மை வயரின் கிளிப் உடைந்திருந்தது. நிறுவனக்காரர் இருந்து வேலை செய்யும் பக்கத்துக் கந்தோர் அறையிலிருந்து இணையத்தைக் கொண்டுவரும் வயர் அது. நான் வாசலில் கதிரை அடுக்கிக்கொண்டிருந்தேன். இர்ஷானா தானே அந்த முனையை வெட்டிப் புதுக் கிளிப் போட்டாள். நேரமில்லை என்று சோதிக்காமல் விட்டுவிட்டாள்.

விருந்தினர் முன்னால் பதினொரு திரையிலும் இணையம் வரவில்லை. அண்ணை கடைக்கு ஓடி ஓர் ஆயத்த வயரைக் கொண்டுவந்து நிலத்தால் இழுத்துப் போட்டார். நாற்பது நிமிடம். நிறுவனக்காரர் மணிக்கூட்டைப் பார்த்தபடியே இருந்தார்கள்.

எல்லோரும் போன பிறகு அண்ணை அவளிடம் சொன்னார்: "நேற்று வரைக்கும் வேலை செய்தது. நீ தொட்டாப் பிறகுதான் போனது. திங்கட்கிழமையில இருந்து வரவேண்டாம்." நிற வரிசைப்படி சரியாகத்தான் போட்டேன் என்று ஒரு தடவை சொன்னாள். கருவிகளைப் பெட்டியில் அடுக்கி வைத்துவிட்டுப் போனாள்.

அவள் வெட்டி எறிந்த பழைய முனை அலுமாரிக்கடியில் கிடந்தது. நான் அடித்த முனை. நகத்தால் தடவிப் பார்த்தேன். மூன்றாவது, ஆறாவது இடத்தில் நெருக்கமான சோடி. அவளுடைய புது முனையில் அந்த இடத்தில் தளர்ந்த சோடி.

எடுத்துக் காற்சட்டைப் பைக்குள் போட்டேன். ஏன் போட்டனான்? ஆரும் பாக்கக்கூடாதெண்டுதானே. வேற என்ன.

24.03, சனி

அடம்பன். அம்மாவிடம் அந்தத் துண்டைக் கொடுத்து, நெருக்கமான சோடி என்ன நிறம் என்று கேட்டேன். மண்ணிறம் என்றார். தளர்ந்தது? "பச்சை. ஏன் கேக்கிறாய்?" சும்மா என்றேன்.

ஆக, அந்த உருளையில் முறுக்கு மாறியிருக்கிறது. இருபத்துநான்கு முனையிலும் பச்சைக்குப் பதில் மண்ணிறம் வைத்திருக்கிறேன். இரண்டு பக்கமும் ஒரே பிழை என்பதால் வேலை செய்தது. அவள் ஒரு பக்கத்தைச் சரியாகப் போட்டாள், அதனால் நின்றது. சரியாகச் செய்தவளுக்கு வேலை போய்விட்டது.

சோதிக்காமல் விட்டது அவளுடைய பிழைதானே? இதை எழுதிவிட்டு இரண்டு தரம் வாசித்தேன். வெட்கமாக இருக்கிறது.

26.03, திங்கள்

அவளுடைய கதிரையில் அண்ணை ஒரு பழைய திரையைத் தூக்கி வைத்திருக்கிறார். நான் இன்னும் சொல்லவில்லை.

27.03

சொல்லவில்லை. நிறம் தெரியாதவனை ஆர் வேலைக்கு வைச்சிருப்பினம்?

29.03, வியாழன்

இர்ஷானா வாப்பாவோடு கடைக்கு வந்தாள். புத்தளத்தில் வேலை தேடுவதற்கு, இங்கே பயிற்சி எடுத்ததாக ஒரு கடிதம் வேண்டுமாம். வாப்பாவின் பெயர் மீராசாஹிபு. மெலிந்த மனிதர், இருக்கச் சொல்லியும் இருக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை பஸ் என்றார்.

அண்ணை கடிதத்தில் பெயரை எழுதத் தொடங்கினார். நான் அந்தத் துண்டை எடுத்து மேசையில் வைத்தேன்.

"அண்ணை, பிழை என்ர. எனக்குப் பச்சையும் மண்ணிறமும் தெரியாது. அவ சரியாத்தான் போட்டவ."

அண்ணை துண்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். மற்ற முனைகள் என்று கேட்டார். எல்லாம் இப்படித்தான் என்றேன். இர்ஷானா துண்டைப் பார்த்தாள், என்னைப் பார்க்கவில்லை. மீராசாஹிபுதான் பேசினார். குரல் உயரவே இல்லை.

"இத அண்டைக்கே சொல்லியிருக்கலாமே தம்பி. கூரைத் தகரத்த நேத்துத்தான் கழட்டி வித்தேன்."

அண்ணை கடிதத்தைக் கிழித்துவிட்டு அவளிடம் மன்னிப்புக் கேட்டார். திங்கட்கிழமை நிரந்தர வேலைக்கு வரச் சொன்னார். எனக்குப் பயிற்சிக் காலம் இன்னும் ஆறு மாதம். வயரில் கை வைக்கக்கூடாது, மெமரியும் பெட்டியும் மட்டும். துரத்துவார் என்று நினைத்திருந்தேன். துரத்தியிருந்தால் சுகமாக இருந்திருக்குமோ என்னவோ.

01.04, ஞாயிறு

தாராபுரம் போனேன். பஸ் போய்விட்டது, அவர்கள் போகவில்லை. மீராசாஹிபு தகரம் போன கூரைக்குத் தென்னோலைக் கிடுகு கட்டிக்கொண்டிருந்தார். உதவட்டுமா என்று கேட்டேன். கிடுகை எடுத்துத் தரச் சொன்னார். பின்னேரம் வரைக்கும் கீழே நின்று எடுத்துக் கொடுத்தேன். தேத்தண்ணீர் தந்தார்கள். இர்ஷானா வெளியே வரவில்லை.

04.04, புதன்

அவள் தோட்டவெளிக்குத் தனியாகப் போய் எல்லா முனைகளையும் வெட்டி மாற்றிவிட்டு வந்தாள். வெட்டியவற்றை ஒரு பையில் போட்டு என் மேசையில் வைத்தாள். "எல்லாம் ஒரே மாதிரி. ஒண்டு கூட மாறல்ல" என்றாள். பாராட்டா, ஏச்சா?

20.04, வெள்ளி

சித்திரை வருடப்பிறப்பு முடிந்து வேலை குவிந்துவிட்டது. பள்ளிமுனையில் ஒரு கடைக்கு நான்கு வயர். இர்ஷானா அடித்தாள். வேலை முடிந்ததும் சோதிக்கும் கருவியையும் வேலைத் தாளையும் என்னிடம் நீட்டினாள். இரண்டு கிழமைக்குப் பிறகு என்னோடு நேராகப் பேசியது இன்றுதான்.

"நான் அடிச்சத நீங்க சோதிச்சு கையெழுத்து வைங்க. இனி என்ட பிழையெண்டா அது என்ட பிழையா மட்டும் இருக்கட்டும், மத்தவங்கட பிழை என்ட தலையில விழவேணாம்."

கருவியில் எட்டு விளக்குகள். நிறம் பார்க்கத் தேவையில்லை, ஒன்றன்பின் ஒன்றாக எரிந்தால் போதும். நான்கு வயரையும் இரண்டு தரம் சோதித்தேன். வரிசை பிசகவில்லை. தாளில் அவளுடைய பெயருக்குக் கீழே என் பெயரை எழுதிக் கையெழுத்து வைத்துக் கொடுத்தேன். வாங்கி, நான்காக மடிக்கும் முன் ஒரு தரம் வாசித்துப் பார்த்தாள்.